தப்பு விடைக்கு ஒரு குரல்

வேளச்சேரி, சென்னை
12.10.2025

குரும்பகரம் திரு. நிலவன் அவர்களுக்கு,

மதிவதனி எழுதுவது. உங்கள் மனைவிதான். வேறு மதிவதனி என்று நினைத்துக் குழம்பிவிடக் கூடாதே என்று சொல்லிவைக்கிறேன்.

இனிமேல் நமக்குள் போன் வேண்டாம். நான் பத்து வார்த்தை பேசினால் அந்தப் பக்கம் ஒரு "ம்" வருகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் வருகிறது. எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன், அதற்கும் கட்டைவிரல். ஆகையால் சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுங்கள். கோட்டுச்சேரி தபாலாபீசில் கட்டைவிரலை வாங்கமாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் அப்படிக் கத்தினேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. புரியவைப்பதுதான் என் பிழைப்பு, அதனால் முயற்சி செய்கிறேன். வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், எல்லாரும் சென்னைக்கு வாருங்கள் என்று ஆடி மாதம் ஆபீஸ் கூப்பிட்டபோது உங்களிடம் வந்து "போகட்டுமாங்க?" என்று கேட்டேன். நீங்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல், "போயேன்" என்றீர்கள். வந்துவிட்டேன். இப்போது ஆபீசில் ஜனவரிக் கடைசிக்குள் ஒரு முடிவு கேட்கிறார்கள். ஒன்று, நிரந்தரமாகச் சென்னை. இல்லையென்றால் ஒப்பந்தத்தில் ஊரிலிருந்தே வேலை, ஆனால் பாதிப் பாடங்கள்தான் கிடைக்கும். இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "உன் இஷ்டம்" என்றீர்கள்.

என் இஷ்டம் எனக்குத் தெரியாதா? நான் கேட்டது உங்கள் இஷ்டத்தை.

மூன்று வருஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். நீ அதில் என்னதான் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டதுண்டா? உறவுக்காரர்கள் விசாரித்தால் "காலேஜ் பாடம் டைப் அடிக்கிறா" என்று சொல்லிவிடுவீர்கள். நான் டைப் அடிப்பவள் இல்லை.

அத்தைக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும். பாருங்கள்.

மதிவதனி

குரும்பகரம்
19.10.2025

மதிக்கு,

நிலவன் எழுதுவது. உன் புருஷன்தான். கீழத்தெருவில் இன்னொரு நிலவன் இருக்கிறான், ஆனால் அவனுக்கு எழுத வராது.

எனக்கு மட்டும் வருகிறதா என்றால், கடைசியாக நான் காகிதத்தில் எழுதியது மின்துறைக்கு. மோட்டார் லைனில் கரண்ட் பத்தவில்லை என்று. அந்தப் பழக்கத்தில் இதையும் "ஐயா, பொருள்:" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாத்திரை வரியை மட்டும்தான். "அவளுக்கு இருக்குற அக்கறையப் பாரு, பக்கத்துல இருக்கறவனுக்கு இல்ல" என்று எனக்குத்தான் விழுந்தது. மாத்திரை வாங்கிவிட்டேன்.

நீ காய்ச்சல் என்று எழுதினாய் அல்லவா, அன்றைக்கு நான் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். சென்னை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறாமல் திரும்பிவிட்டேன். நீ வரச் சொல்லவில்லையே. கட்டின பெண்டாட்டியாகவே இருந்தாலும் கூப்பிடாத இடத்தில் போய் நிற்க எனக்குக் கூச்சம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் அந்தக் கட்டைவிரலை அனுப்பினேன். நீ கூப்பிடு, மறுநாளே வருகிறேன்.

"போயேன்" என்று ஏன் சொன்னேன் என்றால், நீ கேட்டபோது உன் முகத்தில் போகவேண்டும் என்று இருந்ததாக எனக்குப் பட்டது. போகாதே என்று சொல்லி நிறுத்தியிருந்தால் நின்றிருப்பாய். அப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள் உன்னை நான் அடைத்துவைத்த மாதிரி இருந்திருக்கும். இதை அன்றைக்கு வாயால் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் அவ்வளவுதான், உனக்கே தெரியும்.

சம்பா நடவு முடிந்தது. பயிர் பச்சை கட்டிவிட்டது.

சரி, கேட்கிறேன். மதி, நீ என்ன வேலை செய்கிறாய்? டைப் அடிப்பது இல்லையென்றால் வேறு என்ன? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

நிலவன்

வேளச்சேரி
30.10.2025

திரு. நிலவன் அவர்களுக்கு,

பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பினீர்களாம். காய்ச்சல்காரி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டுமோ? இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் பேனா முனை உடைந்துவிடும். அதனால் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

சிவநாதன் என்று ஒரு பேராசிரியர். கணக்கியலில் பெரிய ஆள். தேய்மானம் என்றால் ஒரு பொருள் வருஷா வருஷம் எவ்வளவு மதிப்பு இழக்கிறது என்று கணக்கில் எழுதுவது. அதைப் பற்றி இரண்டு மணி நேரம் நிற்காமல் பேசுவார். வகுப்பறையில் அது சரிப்படும். பையன் கொட்டாவி விட்டால் அவருக்குத் தெரியும், நிறுத்தி ஒரு ஜோக் சொல்வார். ஆன்லைனில் படிக்கிற ஆள் எங்கே இருக்கிறார்? ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டியிருக்கிறார். அவர் முகம் யாருக்கும் தெரியாது.

அந்த முகத்தை முன்கூட்டியே யோசிப்பதுதான் என் வேலை. எந்த இடத்தில் கண் சொருகும், எந்த இடத்தில் "இதெல்லாம் நமக்கு வராது" என்று மூடிவைத்துவிடுவார் என்று பார்ப்பேன். பாடம் முடிந்தால் அவருக்கு என்ன செய்யத் தெரியவேண்டும் என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடத்தைக் கட்டுவேன். சிவநாதன் சாரின் இரண்டு மணி நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவேன். வெட்டும்போது அவருக்கு வலிக்கும். "அம்மா, அது நல்ல பாயிண்ட்மா" என்று கெஞ்சுவார்.

எனக்குப் பிடித்த இடம் தப்பு விடை. சிரிக்காதீர்கள். கேள்வி கேட்கிறோம், அ, ஆ, இ, ஈ என்று நாலு விடை கொடுக்கிறோம். சரியாகச் சொன்னவருக்கு "சரி" என்றால் போதும், அவர் போய்விடுவார். தப்பாகச் சொன்னவரிடம்தான் பேசவேண்டியிருக்கிறது. அவர் ஏன் அப்படி நினைத்தார், அதில் பாதி நியாயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி நாலு வரி. ஒவ்வொரு தப்புக்கும் தனித்தனியாக எழுதுவேன்.

எழுதியதை முதலில் என் குரலிலேயே பேசிப் பதிவு செய்வேன். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பதற்காக, தற்காலிகமாக. பிறகு அதை எடுத்துவிட்டு வேறு குரலைப் போட்டுவிடுவார்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் போர்வையை மாட்டி, நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது அதைத்தான். அத்தை எனக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று திருநள்ளாறு போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்கள், நினைவிருக்கிறதா?

அப்போது செய்த பாடத்தின் பெயர் "எல்லோருக்கும் கணக்கியல்". யார் வேண்டுமானாலும் சேரலாம், காசு கிடையாது. மூன்றாம் பாடத்தில் ஒரு விவசாயி பம்பு மோட்டார் வாங்குகிறார். அது நம் மோட்டார்தான். உங்களிடம் கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டேன்.

இங்கே ஸ்டூடியோ இருக்கிறது. கதவைச் சாத்தினால் ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்காது. அதில் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு ஓடவில்லை. மோட்டார் சத்தத்தோடு சண்டை போட்டுக்கொண்டே பேசிப் பழகிவிட்டது.

மதிவதனி

குரும்பகரம்
24.11.2025

மதிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை. தெற்குக் கொல்லையில் பயிர் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிகிறது. வரப்பை வெட்டி விட்டாலும் வாய்க்காலும் அதே மட்டத்தில் நிற்கிறது. எங்கே வடியும்? விழிதியூர்ப் பக்கம் இதைவிட மோசம். உன் அப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேட்டு நிலம் தப்பித்துவிட்டது, பயப்படாதே. உன்னைப் பற்றிக் கேட்டார். "நல்லாருக்கா மாமா, பாடம் வடிவமைக்கிறா" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உன் கடிதத்தை நிறையத் தடவை படித்தேன். முகம் தெரியாதவரின் முகத்தை யோசிப்பது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை. பக்கத்து அறையில் நீ இதைத்தான் செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. ஆபீஸ் வேலை நடக்கும்போது குறுக்கே போகக்கூடாது என்று செருப்பைக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு வருவேன். அது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மோட்டாரில் கம்பிச்சுருள் புகைந்துவிட்டது. மெக்கானிக் பூமிநாதன் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஓடிக்கிட்டேதான இருந்துச்சுண்ணே, எப்படிப் போச்சு" என்றான். ஓடுகிற மோட்டாரும் தேயும்டா, சத்தம் போடாமல் தேயும் என்றேன். "என்னண்ணே தத்துவம்" என்று சிரிக்கிறான்.

வீடு வீடாக இல்லை மதி. நீ இருந்தபோது உன் அறைக் கதவு சாத்தியே இருக்கும். ஆனாலும் உள்ளே நீ பேசிக்கொண்டிருப்பது கேட்கும். என்ன சொல்கிறாய் என்று விளங்காது, சத்தம் மட்டும் வரும். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன், கணக்குப் பார்ப்பேன், தூங்கிவிடுவேன். இப்போது கதவு திறந்தே கிடக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. அம்மா டிவியைப் பெரிதாக வைத்துக்கொள்கிறாள்.

எனக்கு இப்போதெல்லாம் மத்தியானத் தூக்கம் கிடையாது. சாப்பிட்டதும் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுகிறேன். கொஞ்சம் வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்காதே.

நிலவன்

வேளச்சேரி
07.12.2025

நிலவனுக்கு,

"திரு" போடவில்லை. அப்பாவைப் போய்ப் பார்த்ததற்காக. அப்பா போன் செய்து, "மாப்பிள்ள முட்டி வரைக்கும் சேறோட வந்து நின்னாரும்மா, ஒரு வாய் காப்பி குடிக்கல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேற்றுக்காலோடு நீங்கள் நிற்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் உங்களைத் தேடுகிறது. ஹாஸ்டலில் சாயங்காலம் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். போன் வேண்டாம் என்று சொன்னது நான்தானே, அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

வேலையைப் பற்றிக் கேட்கிற பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். இங்கே ஒரு சின்னப் பிரச்சினை. "எல்லோருக்கும் கணக்கியல்" ஜனவரியில் புதிதாகத் திறக்கிறது. அதற்குள் எல்லாக் குரல்களையும் எடுத்துவிட்டு மெஷின் குரல் போடப்போகிறார்கள். அதற்கு முன்னால், மாணவர்கள் எந்தெந்த விடையைத் தொட்டார்கள் என்ற விவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கமருன்னிசா ஒன்றைக் கண்டுபிடித்தாள். பாடங்களைச் சோதிக்கிறவள் அவள்தான், என் பக்கத்து நாற்காலி. ஒரு மாணவர், பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எல்லாப் பாடத்தையும் ஒழுங்காக முடித்திருக்கிறார், நல்ல மதிப்பெண். ஆனால் மூன்றாம் பாடத்தில் ஒரே ஒரு கேள்வி. தினமும் மத்தியானம் வருகிறார், அதே கேள்வியைத் திறக்கிறார், அதே தப்பு விடையைத் தொடுகிறார், போய்விடுகிறார். மறுநாள் மறுபடியும் அதே. வேறு யாருமே அந்த விடையைத் தொட்டதில்லை. அவ்வளவு அசட்டு விடை அது.

"பாவம்டி, யாரோ மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்க" என்கிறாள் கமருன்னிசா. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மற்ற எல்லாம் தெரிந்த ஆள் ஒரு இடத்தில் மட்டும் தினம் இடறுகிறார் என்றால் பள்ளம் தோண்டியது நான்தான். என்னென்னவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், அந்த ஆளின் முகம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கேள்வியையே தூக்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வருஷக் கடைசியில் எடுத்துவிடுவேன்.

ஜனவரி முடிவு பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நானாகவே முடிவு செய்வதென்றால் செய்துகொள்கிறேன். நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் மாற்றமுடியாது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மதிவதனி

குரும்பகரம்
15.12.2025

மதி,

அந்தக் கேள்வியை எடுத்துவிடாதே.

நான் எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். இதற்குப் பேசுகிறேன். ஒருத்தன் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்றால் அவனுக்கு விடை தெரியவில்லை என்று ஏன் நினைக்கிறாய்? சில ஆட்களுக்கு நேரம் பிடிக்கும். நம் தெற்குக் கொல்லையில் தண்ணீர் எப்போதும் ஒரே மூலையில்தான் வந்து நிற்கும். எத்தனை தடவை மண்ணடித்தாலும் அங்கேதான் வரும். அதற்காக அந்த மூலையை யாராவது வெட்டி எறிவார்களா?

நீதானே எழுதினாய், தப்பு சொன்னவரிடம்தான் பேசவேண்டியிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி என்று. அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார யாரும் இல்லையோ என்னவோ. அவன் பாட்டுக்கு வருகிறான், கேட்கிறான், போகிறான். யாருக்கு என்ன நஷ்டம்?

மெஷின் குரல் வேறு போடப்போகிறீர்கள் என்கிறாய். போடுங்கள், ஆபீஸ் விஷயம், எனக்கு என்ன தெரியும். அந்த ஈ ஒன்றை மட்டும் இருந்தபடி விட்டுவைக்கச் சொல். மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்ளட்டும்.

முடிவைப் பற்றி எழுதவில்லை என்கிறாய். எழுதினேன். நாலு தாள் கிழித்தாயிற்று. எனக்கு எது வேண்டும் என்று சொன்னால் அது உன்னைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இழுத்தால் நீ வந்துவிடுவாய், அதுதான் பயம். உன் வேலை என்ன என்று தெரியாமல் இருந்தபோது "உன் இஷ்டம்" என்று சொல்வது சுலபமாக இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. இப்போது வா என்றும் சொல்ல வரவில்லை, இரு என்றும் சொல்ல வரவில்லை.

பயிர் எழுந்துகொண்டது. கதிர் வாங்குகிற நேரம்.

அந்தக் கேள்வியை எடுத்துவிடாதே மதி.

நிலவன்

வேளச்சேரி
04.01.2026

ஏங்க,

எந்த விடை என்று நான் எழுதவே இல்லையே. ஒரு தப்பு விடை என்றுதான் எழுதினேன். ஈ என்று உங்களுக்கு யார் சொன்னது?

உங்கள் கடிதத்தை ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். அந்த "ஈ" வந்ததும் கை நின்றுவிட்டது. மூன்றாம் பாடத்தைத் திறந்தேன். நானே எழுதிய கேள்வி. பழைய மோட்டாரின் மதிப்பைக் கணக்கில் எப்படி எழுதுவது? ஈ: மோட்டார் ஓடும்வரை எதுவும் எழுத வேண்டியதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் தொட்டேன்.

என் குரல்தான். தற்காலிகக் குரல். மாற்றாமல் விட்டுவிட்டிருக்கிறார்கள். யாரும் தொடாத விடை என்பதால் சோதிக்கிறவர்கள் யார் காதிலும் அது விழவில்லை. "அப்படி இல்லீங்க. ஓடுற மோட்டாரும் தேயும். சத்தம் போடாம தேயும். பாடத்துல இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க." பூமிநாதனிடம் நீங்கள் சொன்ன தத்துவம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அதோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. பின்னால் மோட்டார் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நான் கூப்பிடுகிறேன். "ஏங்க... இதக் கொஞ்சம் வந்து கேளுங்களேன்."

தூரத்திலிருந்து நீங்கள். "இதோ வந்துட்டேன்!"

அப்புறம் மோட்டார் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

கமருன்னிசா பக்கத்தில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவள் ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, "யாருடி இது?" என்றாள். "எங்க வீட்டுக்காரரு" என்றேன். "மாணவரா?" என்றாள். இரண்டும்தான் என்றேன்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வரி நன்றாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். உங்களிடம் காட்டவேண்டும் போல இருந்தது. அதனால்தான் கூப்பிட்டேன். நீங்கள் இதோ என்றீர்கள். பதிவை நிறுத்தாமல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுவடை மெஷின்காரர் வாசலில் வந்து கூப்பிட்டார், நீங்கள் அவரோடு போய்விட்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே சேமித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். அதற்குப் பிறகு உங்களை அந்த அறைக்குள் நான் கூப்பிடவே இல்லை. நீங்களாக வரட்டும் என்று இருந்துவிட்டேன். நீங்கள் கூப்பிடட்டும் என்று செருப்பை வாசலில் விட்டுக்கொண்டிருந்தீர்கள். நல்ல ஜோடி!

நீங்கள் பாடத்தில் சேர்ந்ததைச் சொல்லவே இல்லை. எல்லாப் பாடத்தையும் முடித்திருக்கிறீர்கள். நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். சரியான விடை தெரிந்துகொண்டே தினமும் மோட்டார் கொட்டகையில் போய்த் தப்பைத் தொட்டிருக்கிறீர்கள், நான் கூப்பிடுவதைக் கேட்பதற்காக. முகம் பிடிபடவில்லை என்று எழுதினேனே, என் மர மண்டையை என்ன சொல்ல?

கேள்வி இருக்கும். எடுக்கவில்லை. ஆனால் ஈ-யின் குரலை நேற்று எடுத்துவிட்டேன். நானேதான் எடுத்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. பாடத்துக்கு வருகிற மற்றவர்களுக்கு நம் வீட்டுப் பேச்சு எதற்கு? மத்தியானம் போய்த் தொட்டிருப்பீர்கள். யாரோ ஒரு மெஷின் பேசியிருக்கும். கோபப்படாதீர்கள். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் அதை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. அனுப்பினால் நீங்கள் கொட்டகையிலேயே இருந்துவிடுவீர்கள்.

கூப்பிட்டால் வருகிறேன் என்று எழுதினீர்கள். நான் எப்போதோ கூப்பிட்டாயிற்று. நீங்களும் இதோ வந்துட்டேன் என்று சொல்லியாயிற்று. தினமும் சொல்லியிருக்கிறீர்கள். இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாவது தடவையாகக் கூப்பிடுகிறேன். ஏங்க, கொஞ்சம் வாங்களேன். வரும்போது உங்கள் இஷ்டம் என்ன என்பதையும் கையோடு கொண்டு வாங்க. அதைக் கேட்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடப்போவதில்லை.

மதி

வேளச்சேரி
10.01.2026

மதி,

இதற்குத் தபால்தலை கிடையாது. உங்கள் ஹாஸ்டல் வாட்ச்மேன் கொண்டு வந்து கொடுப்பார். ஆம்பளைகளை உள்ளே விடக்கூடாதாம். புருஷன் என்றால் என்ன அத்தாட்சி என்கிறார். உன் கடிதங்களைக் காட்டினேன். முதல் கடிதத்தில் "திரு. நிலவன் அவர்களுக்கு" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கே சார்" என்று சந்தேகப்படுகிறார். கடைசிக் கடிதத்தை எடுத்து முதல் வார்த்தையை மட்டும் காட்டினேன். நாற்காலியைத் தூக்கிப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டார்.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. படித்து முடித்துச் சட்டையை மாட்டும்போது மெஷின்காரர் வந்து நின்றார், இந்த வருஷ அறுவடைக்கு நாள் குறிக்க. "அப்புறம் பேசிக்கலாம், என் வீட்டுல கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அம்மா முறுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

என் இஷ்டத்தைக் கேட்டாய். நீ வேண்டும். நம் வீட்டில், அந்த அறையில், கதவைச் சாத்தாமல் நீ பேசிக்கொண்டிருக்க வேண்டும். பாதிப் பாடம் போதாது, இங்கேதான் முழுசாகச் செய்யமுடியும் என்று நீ சொன்னால், அறுவடை முடிந்ததும் சென்னையில் ஒரு வீடு பார்ப்போம். நிலத்தில் வேலை இல்லாத நாளெல்லாம் நான் இங்கே இருப்பேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டில் எது என்று நீ சொல். எதுவானாலும் உன் இஷ்டம் என்று மட்டும் இனிமேல் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு நீ காட்டவேண்டும் என்று கூப்பிட்ட அந்த வரி நன்றாக இருக்கிறது மதி. ரொம்ப நன்றாக இருக்கிறது.

வாசலில்தான் இருக்கிறேன். வந்துவிட்டேன். இறங்கி வா.

நிலவன்